மிதிவண்டியின் கணக்கு யாரிடம்?

காலை எட்டேகால் மணிக்கு எங்கள் பள்ளியின் சைக்கிள் கொட்டகையைப் பார்த்தவர்களுக்கு அது ஒரு திருவிழாவாகவே தோன்றும். மணியோசை ஒருபுறம், ஸ்டாண்டு போடும் ஓசை ஒருபுறம், "தள்ளி நிறுத்துடீ" என்னும் குரல்கள் ஒருபுறம். அரசு வழங்கிய வண்டிகள் யாவும் ஒரே நிறம், ஒரே அச்சு. ஆகவே அடையாளத்துக்கு ஒருத்தி கைப்பிடியில் ரிப்பன் கட்டியிருப்பாள். இன்னொருத்தி மட்கார்டில் வெள்ளைப் பெயிண்டால் தன் பெயரின் முதலெழுத்தைத் தீட்டியிருப்பாள். இத்தனை வண்டிகளும் நாள்தோறும் எவ்வளவு தூரம் ஓடுகின்றன என்று யாராவது கணக்கிட்டதுண்டா? எங்களுக்கு அந்த ஆசை பிறந்தது. ஆசையால் விளைந்த நன்மையும் உண்டு, வம்பும் உண்டு. இரண்டையும் மறைக்காமல் எழுதி, எங்கள் கருத்தையும் பெற்றோர் முன் வைக்கத் துணிகிறோம்.

நாங்கள் மேல்நிலை முதலாம் ஆண்டு மாணவியர் எழுவர். எங்கள் வீடுகள் பள்ளியிலிருந்து மூன்று முதல் ஏழு கிலோமீட்டர் தொலைவிலுள்ள சிற்றூர்களில் இருக்கின்றன. பள்ளி வளாகத்துக்குள் கைப்பேசி கொண்டுவரக் கூடாது என்பது விதி. அந்த விதியை நாங்கள் குறை கூறவில்லை. எனவே காலாண்டு விடுமுறையைத் தேர்ந்துகொண்டோம். ஒருத்தி தன் அப்பாவின் ஸ்மார்ட்போனையும், ஒருத்தி அக்காவுடையதையும் இரவல் வாங்கினாள். மூன்றாவது, கண்ணாடி விரிசல் விட்டு அலமாரியில் கிடந்த பழைய போன். ஏழு பேருக்கு மூன்று போன்! பழைய சைக்கிள் டியூபை வளையமாக வெட்டி, அதைக் கொண்டு கைப்பிடியில் இறுக்கிக் கட்டினோம்.

ஆனால் எங்கள் இயற்பியல் ஆசிரியையான சிஸ்டர், போனைத் தொடுமுன் ஒரு நிபந்தனை விதித்தார்கள். "கருவி சொல்லுவதை நம்புவதற்கு முன், கருவியில்லாமல் எவ்வளவு அறிய முடியும் என்று பாருங்கள்" என்றார்கள். அப்படியே செய்தோம். டயரில் சாக்கட்டியால் ஒரு கோடிட்டு, சிமெண்டுத் தரையில் ஒரே ஒரு சுற்று உருட்டி, தையல் டேப்பால் அளந்தோம். 207 சென்டிமீட்டர் வந்தது. அப்படியானால் ஒரு கிலோமீட்டருக்கு 483 சுற்று. பெடலோடு சேர்ந்த பெரிய சக்கரத்தில் 44 பல், பின்னால் ஃப்ரீவீலில் 18 பல். ஒருமுறை மிதித்தால் பின்சக்கரம் ஏறத்தாழ இரண்டரைச் சுற்று சுற்றும். வண்டி ஐந்து மீட்டர் போகும். இத்தனை நாளும் இதன்மேல் உட்கார்ந்து வந்தோம், பல்லை எண்ணியதில்லை!

சுற்றை எண்ணுவதற்கும் ஓர் உபாயம் கண்டோம். ஒரு ஆரத்தில் தடித்த நூலை முடிந்து, முன்சக்கரத்தின் கவையில் பழைய அஞ்சலட்டைத் துண்டு ஒன்றைக் கட்டிவிட்டால், சுற்றுக்கு ஒருமுறை 'டக்' என்று தட்டும். கடைகளில் விற்கும் சைக்கிள் மீட்டரும் இதே வேலையைத்தான் செய்கிறது. ஆரத்தில் ஒரு சிறு காந்தம். கவையில் அது கடந்து செல்லும்போதெல்லாம் மூடித் திறக்கும் ஒரு சுவிட்சு. சுற்றின் எண்ணிக்கையைச் சக்கரத்தின் சுற்றளவால் பெருக்கும் ஒரு சிறு கணக்குப் பொறி. அவ்வளவே.

போன் கணக்கிடும் விதம் முற்றிலும் வேறு. அது சக்கரத்தைப் பார்ப்பதே இல்லை, வானத்தைப் பார்க்கிறது. பூமிக்கு மேலே ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் ஜி.பி.எஸ். துணைக்கோள்கள் சுற்றிக்கொண்டிருக்கின்றன. ஒவ்வொன்றும் 'நான் இன்ன இடத்திலிருக்கிறேன், இப்போது இன்ன நேரம்' என்று ஓயாமல் வானொலி அலையில் சொல்லிக்கொண்டே இருக்கிறது. அந்த அலை எங்கள் கைப்பிடியை வந்தடைய ஒரு நொடியில் பதினைந்தில் ஒரு பங்கு நேரம் பிடிக்கிறது. குறைந்தது நான்கு துணைக்கோள்களின் அலைகள் எவ்வளவு தாமதித்து வந்தன என்று ஒப்பிட்டுப் போன் தன் இருப்பிடத்தைக் கணிக்கிறது. நேரத்தில் ஒரு நொடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினால் தூரத்தில் 300 மீட்டர் பிசகிவிடும்! இந்த அமைப்பு அமெரிக்க இராணுவத்துக்காக உண்டானது; அதன் முதல் துணைக்கோள் 1978-இல் ஏவப்பட்டது. பொதுமக்களுக்குக் கிடைத்த அலையில் வேண்டுமென்றே சேர்த்திருந்த பிழையை 2000-ஆம் ஆண்டு மே மாதத்தில்தான் நீக்கினார்கள். நம் நாடும் 2013-இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தனக்கென்று இத்தகைய துணைக்கோள்களைச் செலுத்தத் தொடங்கியது. என்னே விந்தை! வாய்க்கால் கரையில் மிதித்துப் போகும் ஒரு பெண்ணின் வண்டிக்கு விண்ணில் இத்தனை சாட்சிகள்.

சாட்சிகள் சில சமயம் உளறவும் செய்கின்றன. எங்களுள் ஒருத்தியின் வீட்டிலிருந்து பள்ளிக்கு அஞ்சலட்டை 2,165 முறை தட்டியது. அதாவது 4.48 கிலோமீட்டர். போன் முதல் நாள் 4.62 என்றது, மறுநாள் 4.55 என்றது. புளியமரச் சாலையில் இலைகளும், கடைத்தெருவில் மாடிக் கட்டடங்களும் அலையைச் சிதறடிப்பதால், நேராகப் போன எங்களை அது குடிகாரர் நடையாக வரைந்திருந்தது. ரயில்வே கேட்டில் ஆறு நிமிடம் அசையாமல் நின்றோம். வரைபடத்திலோ நாங்கள் தண்டவாளத்தின் மேலும் பக்கத்து வயலிலும் உலாவிக்கொண்டிருந்தோம்! திறந்த வெளியில் ஐந்து மீட்டருக்குள் சரியாகச் சொல்லும் கருவிதான். ஆனால் அந்த ஐந்து மீட்டருக்குள் சாலையும் இருக்கிறது, வாய்க்காலும் இருக்கிறது.

எத்தனை கலோரி செலவாயிற்று என்றும் போன் சொன்னது. அதற்காக எங்கள் எடையைக் கேட்டது. கேரியரில் உட்கார்ந்து வந்த தங்கையின் எடையைக் கேட்கவில்லை. அவள் மடியிலிருந்த இரண்டு புத்தகப் பையையும் கேட்கவில்லை. எதிர்காற்றையும் அது அறியாது. ஆடி மாதத்தில் அம்மியையும் நகர்த்தும் காற்றை எதிர்த்து மிதித்த உழைப்பும், அதே காற்று முதுகைத் தள்ள வீடு திரும்பிய சுகமும் அதற்கு ஒன்றே. உண்மையான உழைப்பை அளக்க வேண்டுமானால், மிதிக்கும்போது உலோகம் நூலிழையளவு வளைவதை உணரும் சென்சாரைப் பெடலின் கைகளில் பொருத்த வேண்டுமாம். ஜெர்மனியில் உல்ரிச் ஷோபரர் என்பவர் 1986-இல் அப்படியொரு கருவியை உருவாக்கினார். பந்தய வீரர்கள் இன்றும் அவ்வகைக் கருவிகளை உபயோகிக்கிறார்கள். அதன் விலைக்கு எங்கள் வண்டி போலப் பல வாங்கலாம் என்பதால் அந்தப் பேச்சை அத்துடன் விட்டோம்.

எங்களுக்கு மெய்யாகவே பயன்பட்டது வேறொரு சென்சார். போனைச் சாய்த்தால் திரையும் திரும்புகிறதல்லவா? அதைச் செய்வது முடுக்கத்தை உணரும் ஒரு சிறு சிலிக்கான் துண்டு. வண்டி குழியில் இறங்கி ஏறும்போதெல்லாம் அது துள்ளலைப் பதிவு செய்துவிடுகிறது. பெங்களூரில் மைக்ரோசாப்ட் ஆய்வகத்தினர் 2008-இலேயே இந்தச் சென்சாரைக் கொண்டு, ஓடும் வண்டியிலிருந்து சாலைக் குழிகளைக் கண்டறிந்து காட்டியிருக்கிறார்கள். பெர்லினில் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தார் 2019 முதல் 'சிம்ரா' என்னும் செயலியை நடத்திவருகிறார்கள். சைக்கிளில் போகிறவர் சட்டென்று பிரேக் பிடித்தால், அல்லது விலகினால், அந்தத் துள்ளல் பதிவாகிறது. பயணம் முடிந்தபின், 'இங்கே என்ன நடந்தது? கார் உரசிற்றா? கதவைத் திறந்தார்களா?' என்று செயலி கேட்கிறது. விபத்து நடந்த இடத்தைப் போலீசார் அறிவார்கள். மயிரிழையில் தப்பிய இடத்தை அந்தச் சைக்கிள்காரர் மட்டுமே அறிவார்! அதைத் திரட்டுவது எவ்வளவு நல்ல காரியம்! சான்பிரான்சிஸ்கோவிலும் 2009-இல், சைக்கிளில் போகிறவர்கள் எந்தெந்தத் தெருவை விரும்புகிறார்கள் என்று அறிந்து சாலைகளைத் திட்டமிட, போன் வழியாகவே தகவல் திரட்டினார்கள்.

நாங்களும் குழிகளைத் திரட்டினோம். இங்கேதான் எங்களுக்கு ஒரு தலைகுனிவு நேர்ந்தது. மூன்று போன்களும் தந்த புள்ளிகளை வரைபடத்தில் குறித்து, "இதோ நம் ஊரின் கெட்ட சாலைகள்" என்று பெருமையாகச் சிஸ்டரிடம் நீட்டினோம். எங்களுள் ஏழாமவள் ஒன்றும் பேசாமல் நின்றாள். ஊருக்கு வெகுதூரத்திலுள்ள ஒரு குடியிருப்பிலிருந்து வருபவள் அவள். அவள் வீட்டில் இருப்பது பொத்தான் போன். மழையென்றால் வண்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு வரும் சாலை அவளுடையது. எங்கள் வரைபடத்திலோ அந்தச் சாலையில் ஒரு குழிகூட இல்லை. கண்ணாடி போன்ற சாலை! அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்தார் இதே போன்ற குழி காட்டும் செயலியை வெளியிட்டபோது, போன் மிகுந்த வசதியான பகுதிகளின் குழிகளே அதிகம் தெரியவரும் என்ற குறை எழுந்ததாகச் சிஸ்டர் பிறகு சொன்னார்கள். பாஸ்டனுக்குப் போவானேன்? நாங்களே அதைச் செய்து முடித்திருந்தோம்.

பிறகு அஞ்சலட்டையும் நூலுமாக அவளுடன் போனோம். 'ஆலமரத்திலிருந்து 212 சுற்று, இடப்பக்கம், முழங்கால் ஆழம்' என்று நோட்டில் எழுதினோம். அது ஏறத்தாழ 440 மீட்டர். அந்தச் சாலையில் மட்டும் இருபத்தாறு குழிகள் இருந்தன. போன் தந்த புள்ளிகளையும் இவற்றையும் சேர்த்து ஒரே வரைபடமாக்கி, விண்ணப்பத்துடன் உரிய அலுவலகத்தில் கொடுத்தோம். சிலவற்றில் ஜல்லி கொட்டினார்கள். ஐப்பசி மழையில் அதில் பாதி கரைந்து போயிற்று. ஆயினும் ஜல்லி வந்ததே, அதைச் சொல்லத்தானே வேண்டும்!

இதுவரை நன்மையைச் சொன்னோம். இனி வம்பு.

எங்களுள் ஒருத்தி உபயோகித்த செயலியில், ஒருவருடைய பயணத்தை யாரும் பார்க்கலாம் என்பதே தொடக்க ஏற்பாடு. 'என்னைத் தவிர வேறு யாரும் பார்க்கலாகாது' என்று நாமே தேடிப் போய் மாற்ற வேண்டும். அவள் அதை அறியவில்லை. நான்காம் நாள், முன்பின் அறியாத ஒருவர் அவளுடைய பயணத்தைப் பாராட்டி ஒரு கட்டைவிரல் அடையாளம் இட்டிருந்தார். மறுநாள் இன்னொன்று. அதில் தகாத சொல் ஒன்றும் இல்லை, பாராட்டுத்தான். ஆனால் அந்தப் பயணத்தைத் திறந்தால் என்ன தெரிகிறது? அவள் வீட்டு வாசல் தெரிகிறது. புறப்படும் நேரம் தெரிகிறது. எந்தச் சாலையில், எந்த நிமிடத்தில் தனியாக வருவாள் என்பது தெரிகிறது. அதை அவள் அம்மாவிடம் காட்டினாள். காட்டியது சரிதான். அம்மா அன்றே சைக்கிளை உள்ளே வைத்துவிட்டார். அன்று முதல் அவள் பேருந்தில் வருகிறாள்.

இது சிறுமியரின் அறியாமை என்று யாரேனும் நினைப்பீர்களானால், பெரியவர்களும் அகப்பட்ட கதையைக் கேளுங்கள். ஓட்டக்காரர்களும் சைக்கிள்காரர்களும் மிகுதியாக உபயோகிக்கும் 'ஸ்ட்ராவா' என்னும் செயலியார், 2017 நவம்பரில், உலகெங்கும் பதிவான நூறு கோடி பயணங்களை ஒன்றுசேர்த்து ஒளிக்கோடுகளாக ஒரு வரைபடம் வெளியிட்டார்கள். பார்ப்பதற்கு வெகு அழகு. இரண்டு மாதம் கழித்து, 2018 ஜனவரியில், ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த நேதன் ரூசர் என்னும் மாணவர் ஒன்றைச் சுட்டிக்காட்டினார். ஆப்கானிஸ்தானிலும் சிரியாவிலும் இருண்டு கிடந்த பாலை நடுவே சில ஒளிக்கட்டங்கள் இருந்தன. அவை போர்வீரர்கள் பயிற்சிக்காக ஓடிய தடங்கள். இராணுவ முகாம்களின் உருவத்தை வீரர்களின் கால்களே வரைந்து கொடுத்துவிட்டன! 2024-இல் பிரெஞ்சு நாளேடான 'லெ மோந்த்', நாட்டுத் தலைவர்களின் மெய்க்காவலர்கள் இதே செயலியில் பதிந்த ஓட்டங்களைக் கொண்டு, அத்தலைவர்கள் தங்கும் இடங்களைக் கண்டறிய முடிந்ததைக் காட்டியது. மெய்க்காவலருக்கே இந்தக் கதியென்றால், எங்கள் ஊர்ப் பெண்ணின் வாசற்படி எம்மாத்திரம்?

பெர்லின்காரர்கள் இதை முன்பே எண்ணியிருக்கிறார்கள். புறப்பட்டுச் சிறிது தூரம் சென்ற பிறகு பதிவைத் தொடங்கவும், அனுப்புமுன் இரு முனைகளையும் வெட்டிவிடவும் அவர்கள் செயலியில் வழி இருக்கிறது. சாலையின் குழி ஊருக்குத் தெரியவேண்டும். வீட்டின் கதவு தெரியவேண்டியதில்லை. இந்த வேறுபாட்டை அறிந்து செய்த கருவியை நாங்கள் வரவேற்கிறோம். அறியாத கருவியை, அது எவ்வளவு அழகாகப் படம் வரைந்தாலும், வேண்டாம் என்கிறோம். தோழியரே, யாரேனும் இதை உபயோகிப்பதானால் முதலில் அந்த ஏற்பாட்டைத் தேடி மாற்றிய பிறகே பெடலில் கால் வையுங்கள்.

இனிச் சொல்லப்போவது சற்றுக் கடினமானது. பெற்றோரே, இது உங்களைப் பற்றியது. கோபியாமல் கேட்க வேண்டுகிறோம்.

பாராட்டு வந்த செய்தி பரவியதும், எங்கள் வீடுகள் சிலவற்றில் வேறொரு யோசனை எழுந்தது. 'அந்நியர் பார்க்கலாகாது, நாம் பார்க்கலாம்.' மகளின் பையில் ஒரு போனை வைத்துவிட்டால், அவள் எங்கே போகிறாள் என்பது அப்பாவின் திரையில் ஒரு நீலப் புள்ளியாக ஊர்ந்து செல்லும். அப்படிச் செய்தவர்களுள் ஒருவர் மிகவும் நல்ல தந்தை. மகளை அடித்ததில்லை, அதட்டியதில்லை. தனிவகுப்பு முடிந்து அவள் வீடு வந்ததும், "ஏம்மா, வாய்க்கால் பாலத்துல பதினோரு நிமிஷம் நின்னிருக்கியே, என்ன விஷயம்?" என்று மெதுவாகத்தான் கேட்டார். அவள் பதில் சொல்லாமல் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினாள். கையெல்லாம் செயின் கறுப்பு. செயின் கழன்றிருக்கிறது, தானே மாட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். அவரும் சிரித்துவிட்டார். அத்துடன் முடிந்ததென்று அவர் நினைத்தார்.

முடியவில்லை. அதன்பின் அவளுக்குப் புள்ளி நிற்கக் கூடாது என்ற எண்ணமே சதா மனத்தில். காற்று குறைந்த டயருக்குக் காற்றடிக்க நிற்கவில்லை. தாகத்துக்கு நிற்கவில்லை. ஒருநாள் ரயில்வே கேட் இறங்கிக்கொண்டிருக்கும்போது, நின்றால் இன்னும் ஆறு நிமிடம் என்று, குனிந்து உள்ளே நுழைந்து கடந்துவிட்டாள். எங்களிடமே இரண்டு நாள் கழித்துத்தான் சொன்னாள். இதை எழுதலாமா என்று கேட்டோம். "முதல்ல அப்பாகிட்ட நானே சொல்லிடறேன்" என்றாள். சொன்ன பிறகே அனுமதி தந்தாள். கேட்ட அவள் அப்பா வெகுநேரம் பேசவில்லையாம். பிறகு போனை எடுத்து, அந்தச் செயலியை அவளே நீக்கும்படி அவள் கையில் கொடுத்திருக்கிறார்.

காவலுக்காக வைத்த கண் அவளை ஆபத்துக்குத் துரத்தியது என்பதே எங்கள் வாதம். புள்ளி எங்கே நின்றது என்று போன் சொல்லும். ஏன் நின்றது என்று சொல்லாது. அந்த 'ஏன்' என்பதை வீட்டார் தங்கள் அச்சத்தால் நிரப்பிக்கொள்கிறார்கள். மேலும், மகனின் பையில் இந்தப் போனை வைத்த வீடு ஒன்றும் எங்கள் ஏழு பேரின் வீடுகளில் இல்லை. ஒருத்தியின் அண்ணன் அவள் புள்ளியைத் தன் நண்பர்களோடு டீக்கடையில் உட்கார்ந்து பார்த்தான் என்பதையும் சொல்லத்தான் வேண்டியிருக்கிறது.

பெண்ணும் மிதிவண்டியும் நம் நாட்டில் எப்படிச் சேர்ந்தன என்பதைச் சற்று நினைத்துப் பாருங்கள். புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991-இல் அறிவொளி இயக்கம் தொடங்கியபோது, ஆட்சியராயிருந்த ஷீலா ராணி சுங்கத் அவர்கள் எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்துக் கற்பிக்கச் செய்தார்கள். வயல் வேலை செய்தவர்களும் கல்லுடைத்தவர்களுமாகப் பல்லாயிரம் பெண்கள் மிதித்தார்கள். லேடீஸ் சைக்கிள் போதாமல் ஆண்கள் வண்டியையே ஓட்டினார்கள். நடுவிலுள்ள கம்பியில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்பதால் சிலர் அதையே விரும்பினார்கள் என்று பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். எங்களுள் ஒருத்தியின் பாட்டி அந்தப் பக்கத்தவர். தாத்தாவின் பெரிய வண்டியில், இரவில், களத்துமேட்டில் பழகியவர். நாங்கள் போன் கதையைச் சொன்னபோது அவர் சொன்னது இது: "அப்ப ஊரே நின்னு பாத்துச்சு. பாக்கட்டும்னு மிதிச்சேன். பொழுது சாஞ்சா எல்லாரும் வீட்டுக்குப் போயிருவாங்கள்ல. இந்தப் பெட்டி போகாது போலிருக்கே?"

தமிழ்நாட்டில் 2001-இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியருக்கென்று தொடங்கிய இலவச மிதிவண்டி, 2005-இல் மற்றவர்க்கும் விரிந்து எங்கள் கைக்கு வந்திருக்கிறது. பீகாரில் 2006-இல் ஒன்பதாம் வகுப்பு மாணவியருக்கு மிதிவண்டி வாங்கப் பணம் கொடுத்தார்கள். கார்த்திக் முரளிதரன், நிஷித் பிரகாஷ் என்னும் இரு பொருளியலறிஞர்கள் 2017-இல் வெளியிட்ட ஆய்வின்படி, அதனால் உயர்நிலைப் படிப்பில் சேர்ந்த பெண்கள் 32 சதவீதம் கூடினர்; ஆணுக்கும் பெண்ணுக்குமிருந்த இடைவெளி 40 சதவீதம் குறைந்தது. பள்ளி மூன்று கிலோமீட்டருக்கு அப்பாலிருந்த ஊர்களிலேயே பலன் மிகுதி. அந்தப் பெண்கள் பள்ளிக்கு வரத் தேவைப்பட்டது இரண்டு சக்கரம், புள்ளியன்று.

சட்டமும் இதைத் தொட்டிருக்கிறது. 2023-இல் இயற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், பதினெட்டு வயது நிரம்பாதவர்களின் தகவலைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டுமென்றும், அவர்களைத் தொடர்ந்து கண்காணிப்பது கூடாதென்றும் கூறுகிறது. அதற்கான விதிகள், சில விலக்குகளோடு, 2025 நவம்பரில் வெளியாகி, முழுதும் நடைமுறைக்கு வரத் தவணை தரப்பட்டிருக்கிறது. சட்டம் கட்டுப்படுத்துவது கம்பெனிகளை, அப்பாக்களை அன்று. அது தெரிந்தே எழுதுகிறோம். அப்பாக்களிடம் சட்டம் பேச நாங்கள் வரவில்லை.

அப்படியானால் என்னதான் வேண்டும் என்பீர்கள். ஆபத்துக்கு உதவும் போனை நாங்கள் மறுக்கவில்லை. விடுமுறையிலும் தனிவகுப்புக்கும் போகும்போது ஒரு பொத்தான் போன் பையிலிருந்தால் போதும்; போய்ச் சேர்ந்ததும் நாங்களே அழைக்கிறோம். தாமதமானால் ஏன் என்று கேளுங்கள், சொல்கிறோம். சேர்ந்து வருகிறவர்களின் பெயரையும் ஊரையும் ஒரு தாளில் எழுதி வீட்டில் ஒட்டி வையுங்கள். ஒருத்தி வராவிட்டால் மற்றவள் வீட்டில் கேட்கலாம். பயணத்தைப் பதிவு செய்வதானால் மிதிப்பவளே பதியட்டும். யாருக்குக் காட்டுவது என்பதையும் அவளே முடிவு செய்யட்டும். மாலையில் இருட்டும் முன் வகுப்பை முடித்துவிடவும், வாய்க்கால் பாலத்தருகே ஒரு விளக்குப் போடவும் யாரேனும் முயன்றால், நூறு புள்ளிகளைவிட அது எங்களுக்குப் பெரிய காவல்.

எங்கள் வரைபடம் இப்போது நூலகத்தின் உட்சுவரில் மாட்டப்பட்டிருக்கிறது. மூடிய குழிக்குப் பச்சை, மூடாததற்குச் சிவப்பு. எவருடைய வீடும் அதில் குறிக்கப்படவில்லை. வருகிற ஆண்டு மாணவியர் சாக்கட்டியும் டேப்பும் எடுத்துக்கொண்டு அதைத் தொடருவார்கள் என்று நம்புகிறோம்.

பேருந்தில் வரும் எங்கள் தோழியின் அம்மாவை இரண்டுமுறை போய்ப் பார்த்தோம். செயலியையும் கணக்கையும் அவர் கண்முன்னே அழித்துக் காட்டினோம். "அரைப்பரீட்சை முடியட்டும், பாக்கலாம்" என்றார். பரீட்சை முடிந்துவிட்டது. அவள் வண்டி இன்னும் திண்ணையோரத்தில் சாக்குப் போர்த்தி நிற்கிறது. வாரம் ஒருமுறை போய்க் காற்று மட்டும் அடித்துவிட்டு வருகிறோம்.